செத்த மரத்துக்கும் எண் உண்டு

பிள்ளைகளே, செம்பனை ஆராய்ச்சி நிலையத்தில் அப்பாவுக்கு வேலை என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். போன மாதம் சின்னவள் தன் தோழியிடம், "எங்கப்பா சயின்டிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உண்மை இல்லை. நான் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை மட்டும் படித்தவன். சயின்டிஸ்டுக்கு வேண்டிய எண்களை வெயிலிலும் மழையிலும் போய் எடுத்துவந்து கொடுக்கிறவன். ஒரு தடவை அந்த எண்களை நானே கெடுத்து வைத்தேன். அதை நீங்கள் வேறு யாரிடமிருந்தாவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். அதோடு, இரண்டு பேருக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம்.

ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடம் வேலை செய்தேன். பெரும்பாலும் உரம் போடுகிற வேலை. உரம் போடுவதற்கு முன் மரம் எண்ண வேண்டும். நிரைக்குள் நுழைந்து, நிற்கிற மரத்தை எல்லாம் எண்ணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னால், அத்தனை மரத்துக்கு உரம் வரும். மரங்கள் நிற்கும் ஒரு வரிசையைத்தான் நாங்கள் நிரை என்போம். நடுவில் ஒரு மரம் செத்துப்போய் இடம் காலியாக இருந்தால் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவோம். காலி இடம் உரம் தின்னாது. இருபது வருடம் இப்படி எண்ணியதில் வாய் தானாகவே எண்ணும், கால் தானாகவே தாண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் இந்த நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சொல்லக் கேட்டால் வேலை சுலபமாகத் தெரியும். தோட்டத்தில் எண்ணெய்க்குப் போகும் பழக்குலைகளை வெட்டி, லாரியில் ஏற்றி, மொத்தமாக நிறுப்பார்கள். இங்கே ஒவ்வொரு மரத்தின் குலையும் அந்த மரத்தடியிலேயே கிடக்க வேண்டும். குலை வெட்டுகிற இந்தோனேசியத் தோழர்கள் இருவர் ஒரு கழியைத் தோளில் வைத்துத் தூக்குவார்கள். கழியின் நடுவில் தராசு தொங்கும். குலையைக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி நின்றதும் எடையைச் சொல்ல வேண்டும். அதை அந்த மரத்தின் எண்ணுக்கு நேராக நான் எழுதுவேன். பத்து நாளுக்கு ஒரு சுற்று. இப்படியே வருடக்கணக்கில். அப்போதுதான் ஆயிரம் மரத்தில் எந்த மரம் உண்மையிலேயே நல்ல மரம் என்று தெரியும்.

குலையை மாட்டி எடை சொல்கிறவர் ஒரு தங்கச்சி. லாபிஸில் பிறந்து இந்தப் பக்கம் கல்யாணமாகி வந்தவர். என்னைவிட பத்து வயது சின்னவர், ஆனால் அந்த நிலையத்தில் எனக்குப் பல வருடம் மூத்தவர். என்னை "அண்ணே" என்பார். நான் "தங்கச்சி" என்பேன். வேலை தொடங்கிய முதல் வாரமே, "அண்ணே, நீங்க எழுதுற ஏழு மாடு படுத்த மாதிரி இருக்கு, ஒன்னுன்னு டாக்டர் படிச்சிடப் போறாங்க" என்றார். அன்றிலிருந்து என் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு உண்டு. பெரியவன் கூட ஏன் என்று கேட்டிருக்கிறான்.

டாக்டர் என்பது மருத்துவர் இல்லை. செடி கொடிப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கிய மலாய்க்காரப் பெண்மணி. நாங்கள் எடை எடுத்த தோட்டப் பகுதியை, அதாவது அந்தப் பிளாக்கை, எட்டு வருடமாகப் பார்த்து வந்தவர். என்னை அவரும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். பேச்சு முழுக்க மலாய், கூப்பிடுவது மட்டும் தமிழ்.

நான் சேர்ந்த சில மாதத்தில் தங்கச்சி பிரசவ விடுப்பில் போனார். அந்தச் சமயத்தில்தான் மரத்தில் எழுதிய எண்களுக்குப் புதுச் சாயம் அடிக்கச் சொன்னார்கள். பழைய வெள்ளை எழுத்து பாசி பிடித்து, மட்டை வெட்டிய இடமெல்லாம் உதிர்ந்து, பாதிக்கு மேல் தெரியவில்லை. கையில் சாய டின், பிரஷ், நிலையத்தின் வரைபடம். நான் சந்தோஷமாகத்தான் செய்தேன். என் எழுத்து ஒரு பிளாக் முழுக்க நிற்கப் போகிறது என்று பெருமை வேறு.

ஏழாவது நிரையில் பதினெட்டு மரம் இருக்க வேண்டும். அதில் ஐந்தாவது மரம் காளான் நோயில் அடித்தண்டு அழுகிச் செத்து, எப்போதோ அகற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் பெரணிச் செடி மண்டிக் கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன். காலி இடத்தைத் தாண்டினேன். அடுத்து நின்ற மரத்தில் ஐந்து என்று எழுதினேன். அது ஆறு. அதற்குப் பின் எல்லாமே ஒவ்வொன்று தள்ளிப் போனது. கடைசி மரத்தில் பதினேழு வந்து நின்றது. வரைபடத்தில், அந்த நிரையில் ஒரு மரம் இல்லை என்ற குறிப்பு இருந்தது. சரி, அந்த இல்லாத மரம் பதினெட்டுதான் என்று நானே முடிவு செய்து புத்தகத்தில் எழுதினேன். பதினேழு உயிர், ஒன்று இல்லை. மொத்தம் பார்த்தால் துல்லியமாக இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒன்பது மாதம் அந்த எண்களை நம்பி எடை எழுதினேன். தங்கச்சி விடுப்பு முடிந்து வந்தாலும் பால் குடிக்கிற குழந்தை என்று அவரை விதை அறையில் வைத்திருந்தார்கள். அவர் திரும்ப எங்களோடு வந்தது கடைசிச் சுற்றுக்கு.

அது ஏன் கடைசிச் சுற்று என்றால், அந்தப் பிளாக் வயதாகிவிட்டது. அதை அழித்து மறுநடவு செய்யப் போகிறார்கள். எட்டு வருடக் கணக்கைப் பார்த்து டாக்டர் ஏழு மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார். அவற்றின் குருத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் கன்று வளர்ப்பார்கள். தாயைப் போலவே பிள்ளை என்கிற மாதிரியான கன்றுகள். அந்த ஏழுக்கும் சிவப்புப் பட்டை அடித்தாயிற்று. மற்றதெல்லாம் திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் வந்ததும் சாயும். ஏழாவது நிரையின் பதினொன்று, ஏழு மரத்திலும் முதலாவது. டாக்டர் அதைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

வியாழக்கிழமை காலை. ஏழாவது நிரையில், சிவப்புப் பட்டை மரத்தடியில் தங்கச்சி குலையைத் தூக்கினார். கொக்கியில் மாட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த மரம்ணே?"

"பதினொண்ணு. பெருசா எழுதியிருக்கே, தெரியலியா?"

"எழுதியிருக்கறது தெரியுது. குலையப் பாத்தீங்களா?"

"குலைக்கு என்ன?"

"பதினொண்ணோட முள்ளு கையுறையத் தாண்டி ஏறும்ணே. எத்தன வருஷமா என்னைக் குத்துது. இது பாருங்க, பூனைக்குட்டி மாதிரி மடியில படுத்திருக்கு."

"பிள்ளை பெத்துட்டு வந்து மரத்தை மறந்துட்டே, லா."

"பிள்ளைதான் பெத்தேன். கண்ணு போகல."

பக்கத்து மரத்துக்குப் போனார். நான் பத்து என்று எழுதிய மரம். அதனடியில் கிடந்த குலையில் கையை வைத்தவர் வெடுக்கென்று இழுத்தார். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் கட்டை விரலில் பொட்டு ரத்தம்.

"இதோ, இவன்தான். இப்ப சொல்லுங்க, யாரு மறந்தா?"

கழி தூக்கிய தோழர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயம் அடித்தது நான்தான் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. நானும் தங்கச்சியும் நிரையின் தொடக்கத்துக்கு நடந்தோம். தங்கச்சி முன்னால் போய் ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெரணி மண்டிய இடத்துக்கு வந்ததும் நின்று, வெறும் காற்றைக் காட்டி, "அஞ்சு" என்றார்.

"அங்க மரம் இல்லையேம்மா."

"இல்லனா என்னண்ணே? அது அஞ்சு. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் வரலைன்னா, பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கா அவன் பேரை வைப்பாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே மரத்தைவிட இடம் முக்கியம். செத்த மரத்துக்கும் அதன் எண் அதனுடையதே. வேலைக்குச் சேர்ந்தபோது யாராவது சொல்லியிருப்பார்கள். நான்தான் இருபது வருடப் பழக்கத்தோடு கேட்டிருப்பேன்.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தால் உண்மையான பதினொன்று தரையில் கிடக்கும். பன்னிரண்டு என்கிற ஏதோ ஒரு மரத்திலிருந்து ஆயிரம் ஆயிரம் கன்று வளரும். டாக்டரின் எட்டு வருடம் அவ்வளவுதான். எனக்கோ, ஒப்பந்தம் முடிந்து நிரந்தரக் கடிதம் வர வேண்டிய மாதம் அது. பெரியவன் அப்போது நாலாம் படிவம். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: முதலில் எனக்கு நினைவு வந்தது மரம் இல்லை, கடிதம்தான்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார்.

"அண்ணே, ஒன்னும் ஆகல. ஸ்டோர்ல சிவப்பு டின்னு இருக்கு. இவனுக்கு அடிச்சிட்டு அவனுக்குச் சுரண்டிட்டா முடிஞ்சிது. எண்ணையும் மாத்திடலாம். டாக்டருக்கு நல்ல மரம், உங்களுக்கு லெட்டரு. யாருக்கு என்ன நட்டம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மதியத்துக்கு முன் டின்னை எடுத்துவந்து உண்மையான பதினொன்றுக்குச் சிவப்புப் பட்டை அடித்தேன். பிறகு பாராங் கத்தியை எடுத்துப் பக்கத்து மரத்தின் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தேன். நீங்கள் சிரிப்பீர்கள். காய்ந்த சாயம் செம்பனைத் தண்டிலிருந்து அவ்வளவு சுலபமாகப் போகாது. பாதி சுரண்டுவதற்குள் டாக்டரின் வண்டி வந்து நின்றது. தங்கச்சி, "அலமாக், மாட்டிக்கிட்டோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டின்னைப் பெரணிக்குள் தள்ளினார்.

டாக்டர் இறங்கி வந்து, ஒரு மரத்தைப் பார்த்தார், அடுத்த மரத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த பாராங்கைப் பார்த்தார்.

"ஏன் அண்ணே, இரண்டுக்குச் சிவப்பு?" என்று மலாயில் கேட்டார். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொன்னேன். காலி இடத்தைத் தாண்டியது, எண் தள்ளிப் போனது, இப்போது சரிசெய்ய வந்தது. என் மலாய் அன்று போல என்றும் திக்கியதில்லை. நடுவில் தங்கச்சி, "நான்தான் டாக்டர் அடிக்கச் சொன்னேன்" என்று குறுக்கே புகுந்தார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாக்டர் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் கணினியை வைத்துத் திறந்தார். ஏழாவது நிரையின் கணக்கை வருடவாரியாக ஓடவிட்டார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். பதினொன்று வருடா வருடம் உயரத்தில் இருந்து, ஒன்பது மாதம் முன்பு தடாலென்று இறங்கியிருந்தது. பத்து அதே மாதம் தடாலென்று ஏறியிருந்தது.

"வெயில் காலத்தால் என்று நினைத்தேன். அறிக்கையில் அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டேன். பாவம், வெயில்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஒரு நிரைதானா?"

தங்கச்சி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்த மரம் கிடைத்துவிட்டது, சாயமும் அடித்தாகிவிட்டது. ஆனால் என் வாய் எப்படி எண்ணும் என்பது எனக்குத் தெரியுமே. ஏழாவது நிரையில் மட்டும் தாண்டிவிட்டு மற்ற நிரையில் தாண்டாமல் இருக்க என் காலுக்குத் தெரியாது.

"இல்லை, டாக்டர். காலி இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இப்படித்தான் எண்ணியிருப்பேன்."

டாக்டர் கணினியை மூடினார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்தார். மூன்று பேரும் நடந்தோம். இன்னும் மூன்று நிரைகளில் மரம் செத்திருந்தது. மூன்றிலும் எண் தள்ளிப் போயிருந்தது. பதினாலாவது நிரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் ஒன்று நின்றது, ஒன்பது என்று என் கையெழுத்தோடு. மூன்றாவது இடம் காலி. எண்ணிப் பார்த்தால் அது பத்து. உண்மையான ஒன்பது பட்டை இல்லாமல் பக்கத்தில் நின்றது, திங்கட்கிழமை சாய்வதற்கு. அதன் குலையில் விசேஷமாக முள் எதுவும் இல்லை. தங்கச்சியின் கைக்கு அதைத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"நாம பாட்டுக்கு ஏழாவது நிரையோட நிறுத்தியிருந்தா..." என்று தங்கச்சி ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

டாக்டர் அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். மறுமுனையில் இருந்த பெரியவரின் குரல் எனக்கே கேட்டது. இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, இப்போது ஒரு வாரம் தள்ளு என்றால் எப்படி என்று. டாக்டர் இடையில் பேசாமல் கேட்டுவிட்டு, "எண் போட்டதில் எங்கள் பக்கம் தவறு. சரிசெய்ய ஒரு வாரம் வேண்டும்" என்றார். யாருடைய கை என்று பெரியவர் கேட்டிருக்க வேண்டும். "எங்கள் பக்கம்தான்" என்று இரண்டாவது முறையும் சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஒரு வாரம் மூன்று பேரும் பிளாக் முழுவதையும் மறுபடி எண்ணினோம். தங்கச்சி எண்ணைக் கூப்பிட, நான் எழுத, டாக்டர் வரைபடத்தில் பார்த்து ம் என்பார். காலி இடம் வந்தால் மூன்று பேருமே நின்றுவிடுவோம். மூன்றாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. கேட்கலாமா வேண்டாமா என்று பாதி நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்: "டாக்டர், காலி இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் எண்ணை எழுதினால் என்ன? என்னைப்போலத் தோட்டத்திலிருந்து வருகிறவன் தாண்ட முடியாதே."

"தாண்டினா தடுக்கி விழுவான்" என்றார் தங்கச்சி.

டாக்டர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் தடவை. ஸ்டோரிலிருந்து குச்சி வரவழைத்தார். இப்போது எங்கள் நிலையத்தில் எல்லாப் பிளாக்கிலும் செத்த மரத்தின் இடத்தில் வெள்ளைக் குச்சி நிற்கிறது. புதிதாக வருகிறவர்களை முதல் நாள் அந்தக் குச்சியிடம்தான் கூட்டிப்போகிறோம்.

நிரந்தரக் கடிதம் அந்த மாதம் வரவில்லை. அம்மா உங்களுக்கு ஏதோ காரணம் சொல்லியிருப்பாள், இதுதான் காரணம். டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, என் கோப்பில் எழுதியதைக் காட்டினார். தவறான எண் என்னால் வந்தது என்று எழுதியிருந்தார். மற்ற நிரைகளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார். "இரண்டும் நடந்ததுதானே, அண்ணே. ஒன்றை மட்டும் எழுதினால் என் கணக்கும் தள்ளிப் போகும்" என்றார். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். அடுத்த வருடம் கடிதம் வந்தது. மறைத்து உதவியிருந்தால் வாழ்நாள் முழுக்க அவர் முகத்தை நேராகப் பார்த்திருக்க மாட்டேன். எழுதியதற்காகத்தான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

தங்கச்சிக்கு இன்னும் சரியாக நன்றி சொன்னதில்லை. ஒரு தடவை ஆரம்பித்தேன். "முள்ளுக்குச் சொல்லுங்கண்ணே, நான் என்ன செஞ்சேன்" என்று பேச்சை வெட்டிவிட்டார். பள்ளியில் அதிகம் படிக்காத பெண்தான். ஆனால் ஒரு மரத்தின் குலையைக் கையில் ஏந்தியே அது எந்த மரம் என்று சொல்லத் தெரிந்தவர். எந்த அறிக்கையிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. சின்னவளே, சயின்டிஸ்ட் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் அவரைச் சொல்.

அந்த ஒரு வாரம் கழிந்த திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. எந்த மரம் நிற்க வேண்டும் என்று காட்டும் வேலையை டாக்டர் என்னிடமே கொடுத்தார். நிரை நிரையாக முன்னால் நடந்தேன். ஏழாவது நிரைக்கு வந்ததும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"இதிலும் கொஞ்சம் சிவப்பு தெரியுதே, இதையும் விடணுமா?"

பாதி சுரண்டிய பன்னிரண்டைத்தான் கேட்டார். அதுவும் நல்ல மரம்தான். ஒன்பது மாதம் என்னால் வேறொருவன் எண்ணைச் சுமந்து நின்ற மரம். தண்டில் ஒரு தடவை கையை வைத்தேன்.

"இல்ல. இது பன்னிரண்டு. சாய்க்கலாம்" என்றேன்.

விலகி, பதினொன்றின் அருகே போய் நின்றுகொண்டேன். மரம் சாயும்வரை அங்கேயே நின்றேன். பிறகு அடுத்த மரத்தைக் காட்டுவதற்கு நடந்தேன்.